நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள்

பூவம்மாவின் கழுத்தில் தாலி ஏறிய அன்று, முடிச்சுப் போட மாப்பிள்ளை வீட்டில் ஆளில்லை. முதல் முடிச்சை மாப்பிள்ளை மருதப்பன் போட்டான். மிச்ச இரண்டையும் போட வேண்டியவள் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள், பெண்ணுக்கு நாத்தனார். அதுதான் முறை. மருதப்பனுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணன் தம்பி என்றும் யாரும் இல்லை. தங்கச்சி என்று ஒருத்தி உண்டு. அவளைக் கல்யாணத்துக்குக் கொண்டு வரக் கூடாது என்று பெண்ணின் அப்பா சுந்தரம் கறாராகச் சொல்லிவிட்டார். ஏனென்றால் அவள் ஆமை.

மருதப்பனுக்கு அடுத்த வீட்டுக்காரி கண்மணி அக்காதான் நாத்தனார் இடத்தில் நின்று மிச்ச முடிச்சுகளைப் போட்டாள். போட்டுக்கொண்டே பூவம்மாவின் காதுக்குள் சொன்னாள்: "ஒன் நாத்தனா வந்து போட்டிருந்தா, இன்னிக்குப் போட ஆரம்பிச்ச முடிச்சு அடுத்த அமாவாசைக்குத்தான் முடிஞ்சிருக்கும்டி."

தலையைக் குனிந்திருந்த பூவம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மணவறையில் சிரித்த பெண் என்று செம்பவாங் பக்கத்துச் சனம் ரொம்ப நாள் பேசியது.

அவசரக் கல்யாணம் அது. ஜப்பான்காரன் சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பேர் மாற்றி ஒரு வருசத்துக்கு மேல் ஓடியிருந்தது. வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய தகப்பன் அந்த நாளில் எவனும் இல்லை. சுந்தரம் கடற்படைத் தளத்தில் கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிறவர். துரை போய் ஜப்பான்காரன் வந்தான், கொதிகலன் மட்டும் அதே கொதிகலன், அவரும் அதே சுந்தரம். கண்மணி ஊருக்கெல்லாம் அக்கா என்றாலும், அவருக்குப் பெண்சாதி வழியில் ஒன்றுவிட்ட கொழுந்தியாள் முறை. அவளிடம்தான் மாப்பிள்ளை தேடச் சொன்னார்.

"குடி இல்ல, சூது இல்ல" என்றாள் அவள். "தேக்காவுல, எருமைக் கொட்டகை இருந்த தெருவுல சைக்கிள் பட்டறை வச்சிருக்கான். சைக்கிள் ஜப்பான்காரனுக்கும் வேணும், சீனனுக்கும் வேணும், அதனால சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சுப் போக மாட்டாங்க. மாமியா இல்ல, மாமனார் இல்ல. ஒரே ஒரு தங்கச்சி."

"நடக்க ஓட இருக்கிற பொண்ணுதானே?"

"நடக்கும் அத்தான். ஓடாது. நாலு காலு."

ஆமை என்று விளங்கியதும் சுந்தரம் வெற்றிலையைத் துப்பிவிட்டார். ஆமை புழங்குகிற வீடு விளங்காது என்பது நம் ஆட்களிடம் வழிவழியாக வந்த நம்பிக்கை. தெருவில் ஆமை குறுக்கே போனாலே ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. அதைத் தங்கச்சி என்று சொல்லித் தொட்டி கட்டி வளர்ப்பவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா? ஆனாலும் வேறு மாப்பிள்ளை பார்க்க நேரமில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எம் பொண்ணு வலது காலை எடுத்து வைக்கிறதுக்கு முன்னால அது அந்த வீட்டைவிட்டுப் போயிருக்கணும்."

மருதப்பன் கொஞ்ச நேரம் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். பிறகு, சரி மாமா என்றானாம்.

கேலாங் சிராயில் அவனுக்கு ஒரு சிநேகிதன், ஒலி முகம்மது என்று பேர். பக்கத்தில் மரவள்ளித் தோட்டமும் கிணறும் உள்ள, அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு. அவர்கள் ஆமை தின்ன மாட்டார்கள், அவர்கள் மார்க்கத்தில் ஆகாது. பசி தலைவிரித்தாடிய அந்தக் காலத்தில் ஆமையைப் பயமில்லாமல் விட்டுவைக்கத் தோதான வீடு அதுதான். தங்கச்சியை மட்டுமில்லை, அவள் புருசனையும் சேர்த்து அங்கே கொண்டுபோய் விட்டான். புருசனுக்கு மச்சான் என்று பேர். அடிவயிற்று ஓடு குழிந்திருந்தால் ஆண் ஆமை, தட்டையாக இருந்தால் பெண். அப்படி நன்றாகக் குழிந்த வயிறாகப் பார்த்துத் தேடி, தங்கச்சிக்கு ஜோடி சேர்த்திருந்தான். தங்கச்சி கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், அதையும் செய்தே விட்டான்.

பூவம்மா வலது காலை எடுத்து வைத்தாள். முன்னால் பட்டறை, நடுவில் ஒரு அறை, பின்னால் மதில் சுற்றிய கொல்லை. கொல்லையில் காலியாகிப்போன ஒரு சிமிட்டித் தொட்டி, ஒரு பப்பாளி மரம், மூலையில் மணல் நிரப்பி மேலே கூரை ஓட்டைக் கவிழ்த்து வைத்த ஒரு மரத்தொட்டி. மதில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குத் தரை வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனையோ வருசமாக ஒரே வழியில் யாரோ நடந்து நடந்து தேய்ந்த தடம்.

மருதப்பன் நல்லவனாக இருந்தான். டயர் கிடைக்காத காலத்தில் பழைய ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் இறுக்கிக் கட்டுவான், கயிறு கட்டுவான், எப்படியாவது வண்டியை ஓட வைத்துவிடுவான். வேலை முடிந்து இருட்டிய பிறகு வந்து பப்பாளியை அரிவான். தோலைக் கொல்லையில் காலித் தொட்டிப் பக்கம் வீசுவான். வீசிய பிறகு நினைவு வந்து, தானே போய் எடுத்துக் குப்பையில் போடுவான். பூவம்மா இதைத் தினமும் பார்த்தாள்.

ஒரு சாண் மண்ணையும் சும்மா விடாதே, கிழங்கு நடு, கீரை போடு என்று அதிகாரிகள் வீடுவீடாக வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லாவிட்டாலும் நட்டுத்தான் ஆக வேண்டும், அரிசி அப்படி. பூவம்மா சக்கரைவள்ளிக் கொடி வாங்கி வந்தாள். மூலையில் இருந்த மரத்தொட்டி அவள் கண்ணில் பட்டது. அவன் பட்டறையில் இருந்த ஒரு காலைப் பொழுதில் ஓட்டை எடுத்துவிட்டு மணலைக் கொட்டினாள்.

மணலோடு இரண்டு முட்டைகள் உருண்டு வந்தன. வெள்ளை வெளேரென்று, கோழி முட்டையைவிடச் சின்னதாய், நீளவாக்கில்.

அவளுக்குப் பாம்பு முட்டையும் தெரியும், வாத்து முட்டையும் தெரியும். இது இரண்டும் இல்லை. இது யார் போட்டது என்று விளங்கிவிட்டது. அப்பா போட்ட நிபந்தனை நினைவுக்கு வந்தது. பப்பாளித் தோலும் நினைவுக்கு வந்தது. அப்பா ஆமை கூடாது என்றுதான் சொன்னார், முட்டை கூடாது என்று சொல்லவில்லை என்று மனசுக்குள்ளேயே ஒரு வழி செய்துகொண்டாள். அந்த மனுசன் வாயைத் திறந்து கேட்காவிட்டாலும், அவனுக்கு நாமாக ஒரு நல்லது செய்தால் என்ன என்று தோன்றியது.

அம்மா வீட்டிலிருந்து சீதனத்தோடு ஒரு செவலைக் கோழி வந்திருந்தது. அது அப்போது ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டிக்குள் அடைக்கு உட்கார்ந்திருந்தது. பூவம்மா இரண்டு முட்டையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் மண் போகக் கழுவினாள், துடைத்தாள், கோழிக்கு அடியில் தள்ளினாள். கோழி நன்றாகப் புரட்டும், என்றாலும் அவள் அம்மா அதை நம்புகிறவள் இல்லை. காலையும் மாலையும் முட்டையைத் தன் கையால் ஒரு தடவை திருப்பி வைப்பாள், அப்போதுதான் சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறும் என்பாள். பூவம்மாவும் திருப்பினாள். ஒரு வேளை தவறாமல் திருப்பினாள்.

கோழிக்குஞ்சுகள் பொரித்து ஓடத் தொடங்கின. இந்த இரண்டும் அப்படியே கிடந்தன. அப்போதுதான் ஒருநாள் மருதப்பன் பகல் வெளிச்சத்தில் கொல்லைக்கு வந்து, மரத்தொட்டியில் வள்ளிக்கொடி படர்ந்திருப்பதைப் பார்த்தான்.

"இதுல இருந்த மணல் எங்க?"

"பழைய மணல்னு கொட்டிட்டேன். மண்ணு போட்டாத்தானே கொடி ஓடும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. பூவம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மண்ணெண்ணெய்ப் பெட்டியை இழுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். "ஒங்க பொக்கிஷம் பத்திரமா இருக்கு. கோழிக்கு அடியில வச்சுத்தான் காப்பாத்தினேன்."

அவன் ஒரு முட்டையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மூக்கருகில் கொண்டுபோனான்.

"தெனம் திருப்பினியா?"

"ரெண்டு வேளையும்."

"கோழி முட்டைய திருப்பணும் பூவு" என்றான் மெதுவாக. "ஆமை முட்டைய திருப்பக் கூடாது. தாய் எப்படிப் போட்டுச்சோ அப்படியே கெடக்கணும். உள்ள இருக்கிற உசிரு மேல்பக்கத்து ஓட்டோட ஒட்டிக்கிட்டுத்தான் வளரும். பொரட்டினா அறுந்து முழுகிப் போயிரும். கழுவவும் கூடாது. சீனர் கோயில் குளத்தைப் பார்த்துக்கிறவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பூவம்மா தாங்கியிருப்பாள். இரண்டையும் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அவள்.

"மாமாவுக்கு வாக்குக் கொடுத்தேன். முட்டை ஆமையில்லையேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"நானும் அதையேதான் சொல்லிக்கிட்டேன்."

கல்யாணமாகி அத்தனை நாளில் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசினார்கள். மருதப்பனின் அப்பா எருமைக் கொட்டகையில் வேலை பார்த்தவர். எருமைகள் புரளும் குட்டை ஒன்று அங்கே அப்போது இருந்தது. மருதப்பனுக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, பேர் வைப்பதற்குள் கண்ணை மூடிவிட்டது. தொட்டிலை அவிழ்த்த இடத்தைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்த மகன் கையில், குட்டையில் கிடந்த ஆமைக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார் அப்பா. இந்தா, ஒன் தங்கச்சி என்றார். அழுகையை நிறுத்தச் சொன்ன சொல் அது. பையன் அதைப் பிடித்துக்கொண்டான். அப்பா போனார், அம்மா போனாள், குட்டையைத் தூர்த்தார்கள், எருமைகளும் போய்விட்டன. தங்கச்சி இருந்தாள். குண்டு விழுந்த நாட்களில் அவளைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டுதான் அவன் சாக்கடைப் பாலத்தடியில் படுத்திருந்தான்.

ஒரே ஒரு குஞ்சு பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. முதல் தடவை இடம் கிடைக்காமல் தண்ணீருக்குள்ளேயே முட்டையிட்டு வீணானது. அடுத்த தடவை எறும்பு மொய்த்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மணல் தொட்டி வைத்து, எறும்பு ஏறாமல் தொட்டியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினான். அந்த முட்டைகளைத்தான் பூவம்மா கோழிக்குக் கொடுத்தாள்.

அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு அவ நாத்தனா. அவ பிள்ளைங்களுக்கு நான் அத்தை. அத்தை கையாலயே போச்சு" என்றாள்.

"நீ அத்தைன்னா, நான் தாய்மாமன். நானும்தான் வாயத் தொறக்கல."

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது பூவம்மாவுக்கு வயிறு மேடிட்டிருந்தது. கண்மணி அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பையன் என்றாள். அவள் எல்லோருக்கும் பையன் என்றுதான் சொல்வாள். அந்தச் சமயத்தில் ஒரு பகலில் ஒலி முகம்மது வந்தார், சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை.

"மருதப்பா, நாங்க கெளம்புறோம் லா. எம் பொண்டாட்டி ரஷீதாவோட அம்மா ஊரு ஜொகூருக்கு உள்ள. அங்க நெல்லு இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒன் ஆளுங்களக் கூட்டிட்டுப் போயிரு."

மருதப்பன் கையிலிருந்த திருகுச் சாவியைக் கீழே வைத்தான். "இங்க கொண்டாற முடியாது பாய். வாக்கு இருக்கு. சதுப்புல விட்டுர்றேன்."

"விடு. நீ திரும்பி நடக்கிறதுக்குள்ள எவனாச்சும் சட்டியில போட்டுருவான். எங்க பக்கத்துல ஒருத்தன் கறிக்கடைக்காரன் தெனம் வந்து கேக்குறான். இன்னொண்ணு சொல்லணும். ஒன் தங்கச்சி கொஞ்ச நாளா ஒழுங்கா சாப்பிடுறதில்ல. பின்னங்காலால கெணத்தடி மண்ணெல்லாம் தோண்டிப் பாக்குறா. தோண்டுறா, பிடிக்கல, வேற எடத்துக்குப் போறா."

முட்டையிட இடம் தேடுகிறாள் என்று மருதப்பனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளேயிருந்து பூவம்மா வந்தாள்.

"பாய், நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."

அவர் போன பிறகு மருதப்பன், "மாமாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றான்.

"வயித்துல சொமந்துக்கிட்டு எடம் தேடி அலையிற பொண்ணு. பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கு, அண்ணன் இருக்கான். பிரசவத்துக்கு அண்ணன் கூட்டிட்டு வராம சேத்துல விட்டான்னா, ஊரு அண்ணனத் திட்டாதுங்க. அண்ணன் பொண்டாட்டியத்தான் திட்டும். எனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

மறுநாள் கயிறு கட்டிய சக்கரத்தோடு சைக்கிள் தடதடவென்று கேலாங் போனது. பின்னால் பூவம்மா, மடியில் கூடை. தங்கச்சியை அன்றைக்குத்தான் அவள் முதல் தடவை பார்த்தாள். கவிழ்த்து வைத்த கரிச் சட்டி மாதிரி உயர்ந்த கரிய ஓடு. கழுத்தை நீட்டினால் தலையின் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடுகள், யாரோ மஞ்சளைக் குழைத்து விரலால் இழுத்துவிட்டது போல. மருதப்பன் குரல் கேட்டதும் தலை வெளியே வந்தது. பூவம்மா தொட்டதும் உள்ளே போய், முன்னாலும் பின்னாலும் ஓட்டைக் கதவு சாத்துவது போலச் சாத்திக்கொண்டது.

"நாத்தனா கோவிச்சுக்கிட்டா" என்றாள் பூவம்மா.

"முட்டைய பொரட்டினவகிட்ட பேச மாட்டேங்குறா" என்று ஒலி முகம்மதுவின் மனைவி ரஷீதா சிரித்தாள். "சும்மா சொன்னேன் பூவு. எங்கிட்டயும் பேச ஒரு மாசம் ஆச்சு."

கல்லாங் பாலத்துக்கு முன்னால் ஜப்பான்காரன் காவல் உண்டு. கும்பிட்டுக் குனிந்துதான் போக வேண்டும், கூடையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். ஆமையைப் பார்த்தால் அவர்கள் சமையல்கட்டுக்குப் போய்விடும். ரஷீதா அதற்கும் வழி செய்தாள். ஆமைகள் மேல் மரவள்ளித் தழையைப் பரப்பி, அதன் மேல் வெயிலில் நன்றாகப் புழுங்கிப்போன பிலாச்சானைப் பொட்டலம் பிரித்து வைத்தாள். காவல்காரன் கூடையைத் திறந்தான். இறால் புளித்த வாடை அவன் முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று துப்பாக்கிக் கட்டையால் சாடை காட்டினான். குனிந்த தலை நிமிராமல் பூவம்மா சிரித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தாள்.

சுந்தரம் மாசத்துக்கு ஒரு தடவை லாரி பிடித்து மகளைப் பார்க்க வருவார். வந்தவர் கை கால் கழுவக் கொல்லைக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். மதில் ஓரத்துத் தேய்ந்த தடத்தில் தங்கச்சி போய்க்கொண்டிருந்தாள், பின்னாலேயே மச்சான்.

"மாப்பிள்ள, என்ன வாக்குக் கொடுத்தீங்க?"

மருதப்பன் வாயைத் திறப்பதற்குள் பூவம்மா குறுக்கே வந்தாள். "நான்தான் கூட்டிட்டு வந்தேன் அப்பா. நாத்தனா பிரசவத்துக்கு வந்திருக்கா."

"புள்ளத்தாச்சி நீ. ஒங்கூட இதா?"

"ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளத்தாச்சி இருக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. சரி. அவ வீட்டுக்குள்ள வரல, கொல்லையிலதான் இருக்கா. நீங்க வளைகாப்புக்கு வர்றப்ப எனக்கு மட்டும் வளையல் கொண்டாந்தாப் போதும். அவளுக்குக் கையில ஏறாது."

சுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பயந்துபோயிருந்தார். இந்த ஒரு மகளுக்கு முன்னால் அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து இறந்திருந்தன, அதை யாரும் மறக்கவில்லை. சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார். கடைசியில், முறை தெரிந்த மனுசன் முறையிலேயே வந்து நின்றார்.

"பிரசவத்துக்கு வந்த பொண்ணை வாசல்லேர்ந்து வெரட்டக் கூடாது. சரி, பெத்துக்கட்டும். ஆனா பெத்தவள எத்தன நாள் பொறந்த வீட்டுல வச்சிருப்போம்? பிள்ளைக்குப் பேர் வச்சு அனுப்பிடுவோம்ல? அதே மாதிரி. பேர் வைக்கிற நாள் வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு பொழுது இருக்கக் கூடாது. எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போய் எங்கயாச்சும் விட்டுறணும். சத்தியம் பண்ணுங்க."

இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். வேறு வழியில்லை. குஞ்சு பொரித்தால் பார்க்கலாம், பார்த்த கையோடு எல்லாவற்றையும் இழந்துவிட வேண்டும் என்றாகிவிட்டது.

மருதப்பன் தூக்கி விட, தங்கச்சி மரத்தொட்டியில் முட்டையிட்டாள். மறுபடியும் இரண்டு. வள்ளிக்கொடியைப் பிடுங்கிவிட்டு, புது மணலைச் சலித்து ஈரம் பார்த்து நிரப்பியது பூவம்மாதான். முட்டை விழுந்த கையோடு மருதப்பன் பாதி மணலை விலக்கிக் காட்டினான். மணல் தளர்ந்தால்கூட உருளக் கூடாது, எது மேல்பக்கம் என்று தெரிய வேண்டும் என்றான். பூவம்மா உள்ளே போய்க் கண்மைச் சிமிழைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் விரல் நுனியால் ஒரு மைப்பொட்டு வைத்தாள்.

"திருஷ்டிப் பொட்டா?" என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள் கண்மணி அக்கா.

"அதுக்கும் ஆச்சு, இதுக்கும் ஆச்சு."

கொஞ்ச நாளில் முட்டைகளின் நடுவில் வெள்ளைப் பட்டை போல ஒன்று விழுந்தது. உயிர் பிடித்ததற்கு அதுதான் அடையாளம் என்றான் மருதப்பன். பூவம்மாவுக்குக் கையை வைத்துப் பார்க்க ஆசை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். மைப்பொட்டு மேலே இருக்கிறதா? இருக்கிறது. ஓட்டை மூடிவிட்டுப் போய்விடுவாள்.

அந்த மாதங்களில் அரிசி அடியோடு குறைந்தது. மரவள்ளிக் கிழங்கு, மரவள்ளி ரொட்டி, மரவள்ளிக் கஞ்சி. பூவம்மாவின் கால் வீங்கியது, நடந்தால் மூச்சு வாங்கியது. அந்தக் கேலாங் கறிக்கடைக்காரன் எப்படியோ மோப்பம் பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டான். ஆண் ஆமையைக் கொடுத்தால் ஒரு தகரம் நல்ல அரிசி தருவதாகச் சொன்னான். மருதப்பன் உள்ளே வந்து மனைவியின் காலைப் பார்த்தான்.

"மச்சானக் கொடுத்துறலாம் பூவு. முட்டைதான் போட்டாச்சே. இனி அவன் எதுக்கு?"

"தங்கச்சி புருசன வித்துப் பொண்டாட்டிக்குச் சோறு போட்டான்னு ஒங்க பேரு விளங்கும்" என்றாள். "செவலை முட்டையிடுது. கொல்லை நெறைய முருங்கையும் பசலையும் இருக்கு. கண்மணி அக்கா தவிடு சலிச்சுக் கொழுக்கட்டை பிடிச்சுத் தாரேன்னிருக்கா, வீக்கத்துக்கு நல்லதாம். போய் அந்தாள அனுப்பிட்டு வாங்க."

தவிட்டுக் கொழுக்கட்டை தொண்டையில் இறங்கியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் தின்றாள். வீக்கம் வடிந்தது. பையன் என்று சொன்ன கண்மணி அக்கா கையிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனமான குழந்தை, அழுதால் தெருக்கோடிக்குக் கேட்கும். மருதப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்த் தங்கச்சியிடம் காட்டிவிட்டு வந்தான்.

குழந்தைக்குப் பேர் வைக்கச் சுந்தரம் வரவேண்டிய வாரம் அது. பூவம்மா காலையில் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். ஒரு முட்டை அமுங்கிப் போயிருந்தது, அது ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. இன்னொன்றில் மைப்பொட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கீறல். கீறலுக்குள்ளிருந்து ஒரு மூக்கு.

அவள் கத்திக் கூப்பிடவில்லை. பட்டறைக்குப் போய், அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். பகல் முழுக்க அந்த மூக்கு வெளியே வருவதும் ஓய்வதுமாக இருந்தது. ஓட்டை உடைத்து உதவலாமா என்று அவள் கேட்டாள். கூடாது என்று அவன் தலையை ஆட்டினான். பட்டறையில் ஆட்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெயில் சாயும்போது, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த அளவில் ஒரு உயிர் மணலில் நடந்தது. தலையின் இரண்டு பக்கமும் அதே மஞ்சள் கோடு. மருதப்பன் அதைக் கையில் எடுக்கவே இல்லை. "அத்தை கையால எடு" என்றான்.

அந்த மைப்பொட்டுப் பழக்கத்தைப் பூவம்மா கடைசி வரைக்கும் விடவில்லை. ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் போய், தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தபோது, சாமி படத்துக்கு அடுத்தபடியாக அவள் தூக்கிக்கொண்டு போனது அந்த மணல் தொட்டியைத்தான். பேரப்பிள்ளைகளுக்கு மை எழுதுகிற அதே சிமிழ்தான் முட்டைகளுக்கும்.

பேர் வைக்கச் சுந்தரம் வந்த அன்று, பேத்திக்கு வெள்ளி அரைஞாண் கொண்டுவந்திருந்தார். கடற்படைத் தளத்துக் கொல்லன் ஒருவனிடம் பழைய காசை உருக்கிச் செய்தது. காதில் பேர் சொன்னார், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். மருதப்பனும் பூவம்மாவும் பின்னாலேயே போனார்கள். கூடையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான் மருதப்பன், சத்தியம் சத்தியம்தானே.

சுந்தரம் சிமிட்டித் தொட்டியின் விளிம்பில் குந்தினார். பசலை இலை ஒன்றின் மேல் குஞ்சு ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். விரலை நீட்டி இலையை லேசாக அழுத்திப் பிடித்தார். குஞ்சு ஏறிவிட்டது.

"இதுக்குப் பேரு வச்சாச்சா?" என்றார்.

"இல்ல மாமா. ஆணா பொண்ணான்னு தெரிஞ்சாத்தானே பேர் வைக்கலாம்."

"பாத்தாத் தெரியாதா?"

"அடிவயிறு குழியணும். இப்ப எல்லாத்துக்கும் தட்டையாத்தான் இருக்கும்."

"எப்பத் தெரியும்?"

மருதப்பன் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆறேழு வருசம் ஆகும் மாமா."

சுந்தரம் விரலை எடுக்கவில்லை. உள்ளே குழந்தை அழத் தொடங்கியது, பூவம்மா போகாமல் நின்றாள்.

"பேர் வைக்காம எப்படி அனுப்புறது?" என்றார் சுந்தரம். "அந்தக் கூடைய உள்ள கொண்டுபோய் வைங்க மாப்பிள்ள. வெயில்ல கெடந்து வீணாப் போகுது."